மூன்று மணி நேரம் வெந்த கறி: க்ளீவ்லேண்ட், மார்ச் 1993

பின்னணி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள க்ளீவ்லேண்டில் ஐரிஷ் வம்சாவளிக் குடும்பங்கள் ஏராளம். மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் திருநாள். அன்றைய சாப்பாட்டில் கார்ன்ட் பீஃப் இருந்தே ஆக வேண்டும். மாட்டின் நெஞ்சுக்கறியைப் பெரிய துண்டுகளாக உப்புநீரில் பல நாள் ஊறவைத்து, பிறகு நிதானமாக வேகவைத்து, மெல்லிசாக அரிந்து பரிமாறுவார்கள். முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் துணைக்கு வரும்; கடைகளில் ரொட்டிக்கு நடுவே வைத்து சாண்ட்விச்சாகக் கொடுப்பார்கள்.

1993-இல் அந்த நகரத்து டெலி ஒன்று இந்தத் திருநாளை எதிர்பார்த்து 1,400 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 635 கிலோ, உப்பிட்ட பச்சைக் கறியை வாங்கிவைத்தது. டெலி என்பது வெந்த கறி, சாண்ட்விச், சாலட், ஊறுகாய் விற்கும் கடை. சிறு கூட்டங்களுக்கு ஆர்டர் எடுத்து அனுப்புவதும் உண்டு. அங்கே சாப்பிட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நகரச் சுகாதாரத் துறை விசாரித்தது. அந்த விசாரணையின் முடிவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1994 மார்ச்சில் தன் வார அறிக்கையில் வெளியிட்டது. பெரிய அளவில் சமைக்கும் எவரும் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு குறைவு. காரணம், இந்தச் சமையலறை கறியை நன்றாகவே வேகவைத்தது. அடுப்பை அணைத்த பிறகுதான் எல்லாம் நடந்தது.

கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் கணக்கு.

மார்ச் 12 முதல் 17 வரை: சமையலறையில்

மார்ச் 12, வெள்ளிக்கிழமை. திருநாளுக்கு ஐந்து நாள் முன்பே சமையல் தொடங்கியது. 635 கிலோவை ஒரே நாளில் வேகவைக்க எந்தச் சிறு கடைக்கும் பாத்திரமும் இல்லை, அடுப்பும் இல்லை. ஆகவே பகுதி பகுதியாக வேகவைத்துச் சேர்த்துவைப்பது என்ற முடிவு இயல்பானது. முன்கூட்டியே சமைப்பதில் தவறும் இல்லை, ஆறவைக்கத் தெரிந்திருந்தால்.

ஒவ்வொரு பகுதியும் மூன்று மணி நேரம் கொதிநீரில் வெந்தது. பிறகு கறியை அறை வெப்பத்திலேயே ஆறவிட்டார்கள். ஆறிய பின் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார்கள். பல சமையலறைகளில் இன்றும் இதுதான் வழக்கம். "சூடாக உள்ளே வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும், மற்றப் பண்டங்களும் கெட்டுவிடும்" என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதில் பாதி உண்மை உண்டு. கொதிக்கும் பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் உள்சூடு ஏறி, பக்கத்தில் இருக்கும் பாலும் சாலட்டும் ஆபத்தான வெப்பத்துக்கு வந்துவிடும். ஆனால் அதற்காகக் கறியை மேசைமேல் விட்டுவிடுவது ஒரு சிக்கலுக்குப் பயந்து அதைவிடப் பெரிய சிக்கலுக்குள் போவதாகும்.

மார்ச் 16, 17 ஆகிய இரு நாள்களிலும் தேவைக்கேற்பக் கறியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 49 டிகிரியில் இருந்த சூடுபெட்டியில் வைத்து, அதிலிருந்து அரிந்து விற்றார்கள். 17-ஆம் தேதி பல குழுக்களுக்கு ஆர்டரின் பேரில் சாண்ட்விச்சும் போனது. அந்த சாண்ட்விச்சுகள் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் முழுவதும், சாப்பிட்டு முடியும்வரை, அறை வெப்பத்திலேயே இருந்தன.

கறி கெட்ட வாடை வீசவில்லை, நிறமும் மாறவில்லை. அதனால் அரிந்தவருக்கும் சாப்பிட்டவருக்கும் சந்தேகம் எழ இடமே இருக்கவில்லை.

மார்ச் 18: முதல் 15 அழைப்புகள்

வியாழக்கிழமை, நகரச் சுகாதாரத் துறைக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. 15 பேர். எல்லாரும் அந்த ஒரே டெலியில் வாங்கிய கார்ன்ட் பீஃபைச் சாப்பிட்டுவிட்டு நோயுற்றவர்கள்.

செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியானதும் மேலும் பலர் அழைத்தார்கள். மார்ச் 16 அல்லது 17 அன்று அந்தக் கடை உணவைச் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள் நோய் கண்டதாகச் சொன்னவர்கள் 156 பேர். ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரியான கேள்விகள் கேட்கப்பட்டன: எப்போது சாப்பிட்டீர்கள், என்னென்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொல்லை தொடங்கியது, என்ன தொல்லை?

வயிற்று முறுக்கு 88 சதவீதம் பேருக்கு இருந்தது. வாந்தி 13 சதவீதம் பேருக்கு மட்டும். காய்ச்சல் யாருக்குமே இல்லை. சாப்பிட்டதற்கும் நோய் தொடங்கியதற்கும் இடைப்பட்ட நேரத்தின் நடுமதிப்பு 12 மணி நேரம். மிகக் குறைவு 2, மிக அதிகம் 48. 156 பேரில் 144 பேர் (92 சதவீதம்) கார்ன்ட் பீஃப் சாப்பிட்டவர்கள். ஊறுகாய் சாப்பிட்டவர்கள் 20, உருளைக்கிழங்கு சாலட் 12, வறுத்த மாட்டுக்கறி 11.

இந்தத் தகவலைக் கையாளும்போது ஒரு நிதானம் தேவை. பத்திரிகையைப் பார்த்து அழைப்பவர்கள் எல்லாருமே நோயுற்றவர்கள். நன்றாக இருப்பவர் யாரும் அழைத்து "நானும் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதில்லை. திருநாளில் அந்தக் கடைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கார்ன்ட் பீஃபுக்காகவே போயிருப்பார்கள். எனவே 92 சதவீதம் என்ற எண் மட்டும் கறியைக் குற்றவாளியாக்கிவிடாது. அறிகுறிகளின் தன்மை, நேர இடைவெளி, ஆய்வுக்கூட முடிவு ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டியதால்தான் முடிவு உறுதியானது.

கிருமியை எப்படி அடையாளம் கண்டார்கள்

உணவு விஷமான நிகழ்வுகளில் கடிகாரமே முதல் சாட்சி. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் கடும் வாந்தி என்றால், உணவிலேயே நச்சைச் சுரந்துவைக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸ் மீதோ பேசிலஸ் சீரியஸின் வாந்தி வகை மீதோ சந்தேகம் போகும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் 6 மணி முதல் மூன்று நாளுக்குள் என்றால் சால்மொனெல்லா. வாந்தி குறைவு, காய்ச்சல் இல்லை, வயிற்று முறுக்கும் வயிற்றுப்போக்கும் மட்டும், சாப்பிட்ட 8 முதல் 16 மணி நேரத்தில், கூடவே முன்கூட்டிச் சமைத்த பெரிய கறித்துண்டு. இவை சேர்ந்துவந்தால் அனுபவமுள்ளவர் முதலில் நினைப்பது க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்.

கடையில் மீந்திருந்த கறியிலிருந்து மூன்று மாதிரிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் இரண்டில் கிராமுக்கு 1 லட்சமோ அதற்கு மேலோ பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இருந்தது. இந்தக் கிருமிதான் காரணம் என்று ஆய்வாளர்கள் ஏற்கும் எல்லையும் அதுவே: சந்தேக உணவில் கிராமுக்கு 1 லட்சம், அல்லது நோயாளியின் மலத்தில் கிராமுக்கு 10 லட்சம்.

மீந்த உணவைப் பத்திரப்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை. இப்படி ஒரு புகார் வந்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிவைக்கும் கடைக்காரர்கள் உண்டு. தன் கடை உணவு காரணம் இல்லை என்று நிரூபிக்கும் வாய்ப்பையும் அவர்கள் சேர்த்தே கொட்டிவிடுகிறார்கள். மாதிரியை ஃப்ரீஸரில் உறையவைப்பதும் கூடாது; உறைநிலையில் இந்தக் கிருமி பெருமளவு செத்து, எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சுத்தமான டப்பாவில் போட்டு, மூடி, தேதியும் நேரமும் எழுதி, ஃப்ரிட்ஜில் தனியாக வைத்து, உடனே ஆய்வுக்குக் கொடுப்பதே முறை.

இந்த நோய் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடுவதுதான். வயதானவர்களுக்கும் ஏற்கெனவே நலம் குன்றியவர்களுக்கும் அப்படி எளிதாகக் கழிவதில்லை.

மூன்று மணி நேரக் கொதிப்பு ஏன் காப்பாற்றவில்லை

பெர்ஃப்ரிஞ்சன்ஸ் மண்ணிலும் விலங்குகளின் குடலிலும் சாதாரணமாக இருப்பது. அறுக்கும்போதே பச்சைக் கறியில் ஒட்டிக்கொள்ளும். சூழல் கடினமானால் அது ஸ்போர் என்னும் தடித்த ஓடுடைய வித்தாக மாறி உறங்கும். சாதாரணக் கிருமிகள் 70 டிகிரியைத் தாங்காமல் சாகும். இந்த வித்துகளில் சில வகைகளோ 100 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும்.

கொதிக்கவைத்தால் இன்னும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன, இரண்டுமே இந்தக் கிருமிக்குச் சாதகம். கறியில் இருந்த மற்றக் கிருமிகள் எல்லாம் செத்துவிடுவதால் போட்டிக்கு ஆள் இல்லை. கறிக்குள் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது; ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்வதே பெர்ஃப்ரிஞ்சன்ஸின் இயல்பு. போதாததற்கு, அந்தச் சூடே வித்தை உறக்கத்திலிருந்து எழுப்பவும் செய்கிறது. உப்பிட்ட கறிதானே என்று நம்பவும் முடியாது. வேகும்போது உப்பில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும்; மிஞ்சியது வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் அளவுக்குப் போதாது.

எழுந்த வித்து, கறியின் சூடு 50 டிகிரியை ஒட்டி இறங்கியதும் பெருகத் தொடங்கும். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போகும்வரை பெருகிக்கொண்டே இருக்கும். 43 முதல் 47 டிகிரிக்குள் அதன் வேகம் உச்சம்: கறியில், சாதகமான நிலையில், 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கிராமுக்கு ஒரே ஒரு கிருமி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 64. இரண்டு மணி நேரத்தில் 4,096. மூன்று மணி நேரத்தில் 2,62,144. வித்து முளைக்க எடுக்கும் நேரமும், சூடு இறங்க இறங்கக் குறையும் வேகமும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆனால் மேசைமேல் கிடக்கும் தடித்த துண்டின் நடுப்பகுதி அந்த வெப்ப எல்லைக்குள் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் கூடுதலாகத்தான். வெளிப்புறம் கைக்குச் சில்லென்று தெரியும்போதும் உள்ளே கிருமிக்கு இதமான வெதுவெதுப்பு இருந்துகொண்டிருக்கும். கை வைத்துப் பார்த்து ஆறிவிட்டது என்று சொல்லும் பழக்கம் ஏமாற்றுவது இங்கேதான்.

கிராமுக்கு 1 லட்சம் உள்ள கறியை 100 கிராம் சாப்பிட்டால் ஒரு கோடிக் கிருமிகள் வயிற்றுக்குள் போகின்றன. அவற்றில் பல இரைப்பை அமிலத்தைத் தாண்டிக் குடலை அடைந்து, மறுபடி வித்தாக மாறும்போது நச்சை வெளிவிடும். நோய் தெரிய அரை நாள் ஆவது இதனால்தான்.

நழுவிய மூன்று வாய்ப்புகள்

முதல் பிழை ஆறவைத்த விதம். ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. அடுத்த கட்டத்தில் தப்பித்திருக்க முடியும்.

கறியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது, நடுப்பகுதி 74 டிகிரி வரும்படி மறுபடி சூடாக்கியிருந்தால், வளர்ந்துநின்ற கிருமிகள் செத்திருக்கும். ஸ்டேஃபிலோகாக்கஸ் போன்றவை உணவில் விட்டுவைக்கும் நச்சு கொதித்தாலும் அழியாது. பெர்ஃப்ரிஞ்சன்ஸில் ஆபத்து உயிருள்ள கிருமியில்தான், ஆகவே மறுசூடு இங்கே உண்மையிலேயே பயன்படும். (இதைப் படித்துவிட்டு "எப்படி வேண்டுமானாலும் ஆறவிடலாம், பிறகு சூடாக்கிக்கொள்ளலாம்" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு பாத்திரத்தில் எந்தக் கிருமி இருக்கிறது என்பது சமைப்பவருக்குத் தெரியாது.)

அந்த இரண்டாவது வாய்ப்பைச் சூடுபெட்டி கெடுத்தது. சூடுபெட்டி, சூடாக இருக்கும் உணவைச் சூடாகவே வைத்திருக்கச் செய்த கருவி. குளிர்ந்த கறியைச் சூடேற்றும் திறன் அதற்கு இல்லை. உள்ளே வைத்த தடித்த துண்டு ஃப்ரிட்ஜின் குளிரிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, பெருக்கத்துக்கு உகந்த எல்லை முழுவதையும் கடந்து, கடைசியில் 49 டிகிரியில் நின்றது. அதுவும் கிருமி பெருகக்கூடிய வெப்பமே. சூடுபெட்டியின் அளவை 60-க்கு மேல் வைத்திருந்தாலாவது பெருக்கம் நின்றிருக்கும். 49-இல் அது கிருமிக்கு அடைகாத்தது.

மூன்றாவது, சாண்ட்விச். ஏற்கெனவே கிருமி ஏறிய கறிக்கு மேலும் சில மணி நேர அவகாசம் தரப்பட்டது.

கவனிக்க வேண்டியது: இந்த மூன்றில் எதுவும் சுத்தம் பற்றியது அல்ல. கை கழுவியிருக்கலாம், கையுறை போட்டிருக்கலாம், தரை பளபளத்திருக்கலாம், முடிவு மாறியிருக்காது. வித்து கறியோடு வந்தது. கடைப் பணியாளர் பயிற்சிகளில் கை கழுவுவதற்கும் தொப்பிக்கும் அரை நாளும், ஆறவைத்தலுக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்கப்படுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாத சமையலறை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த விபத்துக்குத் திறந்தே இருக்கிறது.

மார்ச் 28: வர்ஜீனியாவில் அதே கறி

பதினொரு நாள் கழித்து வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த ஒரு செயின்ட் பேட்ரிக் விருந்து, க்ளீவ்லேண்டின் பாடத்தை இன்னும் திருத்தமாகக் காட்டியது. 115 பேர் கலந்துகொண்டார்கள். 86 பேர் நோயுற்றார்கள். வயிற்றுப்போக்கு 98 சதவீதம், வயிற்று முறுக்கு 71 சதவீதம், வாந்தி 5 சதவீதம். இடைவெளியின் நடுமதிப்பு 9.5 மணி நேரம்.

இங்கே விருந்துக்கு வந்தவர்களில் 113 பேரை, நலமாக இருந்தவர்களையும் சேர்த்து, விசாரிக்க முடிந்தது. கார்ன்ட் பீஃப் சாப்பிட்ட 109 பேரில் 85 பேருக்கு நோய். சாப்பிடாத 4 பேரில் ஒருவருக்கு மட்டும். க்ளீவ்லேண்டில் இல்லாமல் போன ஒப்பீடு இதுதான். நோயுற்ற 8 பேரின் மலத்திலும் கிராமுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிடைத்தது. மீந்த கறியில் கிராமுக்கு 1 லட்சத்துக்குக் குறையவில்லை.

சமைத்த முறை: ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 பவுண்டு, அதாவது 4.5 கிலோ எடையுள்ள 13 துண்டுகள். 27, 28 தேதிகளில் நான்கு தவணையாக ஓவனில் வெந்தன. முதல் மூன்று தவணைக் கறியும் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கப்பட்டது. கடைசித் தவணை நேரே விருந்துக்குப் போனது. பரிமாறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எல்லாவற்றையும் அரிந்து சூட்டு விளக்குகளின் கீழ் வைத்தார்கள்.

இவர்கள் கறியை மேசைமேல் ஆறவிடவில்லை, ஃப்ரிட்ஜில்தான் வைத்தார்கள் என்பதே இந்த நிகழ்வின் கனம். 4.5 கிலோ துண்டு முழுசாக உள்ளே போனால் வீட்டு ஃப்ரிட்ஜால் அதை வேகமாகக் குளிர்விக்க முடியாது. குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்க மட்டுமே அந்தக் கருவி செய்யப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சூடான துண்டுகள் சேரும்போது ஃப்ரிட்ஜே ஒரு வெதுவெதுப்பான பெட்டியாகிவிடும்.

சுகாதாரத் துறை சொன்ன மாற்றங்கள்

க்ளீவ்லேண்ட் டெலிக்கு அதிகாரிகள் சொன்னவை இரண்டே. வெந்தவுடன் பரிமாறாத கறியைச் சிறு துண்டுகளாக்கி, ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, ஐஸில் வைத்து விரைவாகக் குளிர்வித்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பரிமாறுவதற்குச் சற்று முன்பு, நடுப்பகுதி 74 டிகிரியை எட்டும்படி மறுபடி சூடாக்க வேண்டும்.

சொல்ல எளிது. நூறு கிலோ கறியும் பத்துப் பேரும் நெருக்கியடிக்கும் சமையலறையில் செய்வதற்குத் திட்டம் வேண்டும்.

அதைச் செய்து காட்டுவது

அமெரிக்காவில் இன்று நடப்பிலுள்ள மாதிரி விதி: வெந்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், 5 டிகிரிக்கு மொத்தம் 6 மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். முதல் கட்டத்துக்கு இவ்வளவு குறைவான நேரம் கொடுத்திருப்பதன் காரணம் மேலே சொன்ன கணக்குதான். கிருமியின் வேகமான எல்லை முழுவதும் அந்த 2 மணி நேரத்துக்குள் அடங்குகிறது.

திட்டம் கறி வாங்குமுன் தொடங்க வேண்டும். "எவ்வளவு வேகவைக்க முடியும்?" என்று கேட்பதற்கு முன் "எவ்வளவு ஆறவைக்க முடியும்?" என்று கேட்க வேண்டும். 100 கிலோ வெந்த கறியை 60 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 18,000 கிலோஜூல். 1 கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை உறிஞ்சும். அதாவது கணக்குப்படியே 54 கிலோ ஐஸ் தேவை. பாத்திரம், காற்று ஆகியவற்றால் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் கறியின் எடைக்குச் சமமான ஐஸை எடுத்துவைப்பதே நல்லது. இரண்டு வாளி ஐஸை வைத்துக்கொண்டு 100 கிலோவை ஆறவைக்கிறோம் என்று சொல்வது பெயரளவுக்குத்தான். ஐஸுக்கும் தட்டுக்கும் இடத்துக்கும் தகுந்தபடி நாளொன்றுக்கு 60 கிலோ முடியும் என்றால், அன்றைக்கு வேகவைப்பதும் 60 கிலோவோடு நிற்க வேண்டும்.

வெந்த துண்டை எடுத்ததும், இன்னும் 60 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே, கழுவிக் கிருமிநீக்கிய கத்தியாலும் பலகையாலும் 2 கிலோவுக்கு மிகாமல், 5 சென்டிமீட்டர் கனத்துக்குள் வெட்ட வேண்டும். எடையைவிடக் கனம் முக்கியம். ஐஸ் நீரில் வைக்கும் கறியின் கனம் இரு மடங்கானால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் பிடிக்கும். பச்சைக் கறி வெட்டிய பலகை பக்கத்திலேயே இருக்கக் கூடாது. வெந்த கறியைப் பொறுத்தவரை கையுறையும் சுத்தமும் கட்டாயமாவது இந்தக் கட்டத்தில்தான்.

எவர்சில்வர் தட்டு வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம். பிளாஸ்டிக் வழியே சூடு மெல்லத்தான் வெளியேறும். தட்டை வெறும் ஐஸ்கட்டிகள்மேல் வைத்தால் சில இடங்களில் மட்டுமே தொடும். ஐஸோடு தண்ணீரும் கலந்த தொட்டியில், தட்டின் பக்கங்களும் நனையுமளவு இறக்கி, தண்ணீரை அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். ஐஸ் உருகியதும் புதிது சேர்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஐஸும் தண்ணீரும் கறிமேல் படுமானால் அவை குடிநீர்த் தரமானவையாக இருந்தாக வேண்டும். வெந்த சாறு கறியோடு ஒரே அண்டாவில் ஆறவே கூடாது. அதுதான் ஆறுவதற்கு மிக நெடுநேரம் எடுக்கும் சேர்க்கை. சாற்றை வடிகட்டித் தனியாக, ஆழமில்லாத பாத்திரங்களில் ஐஸ் தொட்டிக்குள் வைத்துக் கிளறி ஆறவைக்க வேண்டும்.

21 டிகிரிக்கு இறங்கிய தட்டுகள் ஃப்ரிட்ஜுக்குள் போகலாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், நடுவே காற்றோடும்படி, மேல்தட்டில், முழுவதும் குளிரும்வரை இறுக மூடாமல். பச்சைக் கறி எப்போதும் கீழே.

அளவெடுப்பதைத் தாளில் எழுதியே ஆக வேண்டும். மிகத் தடித்த துண்டின் நடுவில் முனையைச் செருகி, 60 டிகிரியைக் கடந்த நேரம், ஒரு மணி நேரம் கழித்து, 2 மணி நேரம் கழித்து, 4, 6 என்று ஐந்து அளவுகள். ஒரு மணி நேரத்தில் 40-க்கு மேலேயே நின்றால் அப்போதே ஐஸ் சேர்க்கலாம், இன்னும் மெல்லிசாக வெட்டலாம். 2 மணி நேரம் ஆன பிறகு அதைத் தெரிந்து பயனில்லை. 2 மணி நேரத்தில் 21 வரவில்லை என்றால் உடனே 74-க்குச் சூடாக்கி ஒரே ஒரு முறை மறுபடி தொடங்கலாம். 6 மணி நேரத்தில் 5 வரவில்லை என்றால் கொட்டிவிட வேண்டும், அது எத்தனை ஆயிரம் ரூபாயானாலும். தெர்மாமீட்டரை நாளுக்கு ஒருமுறை ஐஸ் கலந்த நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். 0 காட்ட வேண்டும். ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போகுமுன் முனையைத் துடைத்துக் கிருமிநீக்க வேண்டும்.

பரிமாறும் நாளில் குளிர்ந்த கறியை முதலில் அரிந்துகொள்வது வசதி. மெல்லிய துண்டுகள் கொதிக்கும் சாற்றிலோ ஆவியிலோ சீக்கிரமே 74-ஐ எட்டும். 2 மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. எட்டிய பிறகே சூடுபெட்டிக்குப் போக வேண்டும். சூடுபெட்டியை முன்பே ஓடவிட்டு, உணவு 60-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று உணவிலேயே முனையைச் செருகிப் பார்க்க வேண்டும். பெட்டியின் முகப்பில் தெரியும் எண் உள்ளே இருக்கும் காற்றுக்கோ தண்ணீருக்கோ உரியது, கறிக்கு உரியது அல்ல.

வெளியே அனுப்பும் சாண்ட்விச்சுக்கு இரண்டு வழி உண்டு. 5 டிகிரிக்குள் குளிர்ந்த கறியை வைத்து ஐஸ்பெட்டியில் அனுப்பலாம். அது முடியாதபோது, குளிரிலிருந்தோ சூட்டிலிருந்தோ எடுத்த நேரத்தைப் பெட்டியில் எழுதி, அதிலிருந்து 4 மணி நேரத்தில் மீதியைக் கொட்டச் சொல்லலாம். 11 மணிக்கு எடுத்தது என்றால் 3 மணி என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். வாங்குபவரிடம் வாயால் சொன்னால் அது விருந்துக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

இந்தியச் சமையலறைகளுக்கு

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் கேட்டரிங் இடங்களுக்கான ஆய்வுப் பட்டியலில் ஒரு வரி வைத்திருக்கிறது: மறுபடி சூடாக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரியை எட்டி 2 நிமிடம் நிற்க வேண்டும், கொதிநீர் ஊற்றியோ, வெந்நீர்த் தொட்டியில் வைத்தோ, விளக்கின் கீழ் வைத்தோ சூடேற்றக் கூடாது. உரிமம் வாங்கும்போது மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடும் வரி இது. வர்ஜீனியாவின் சூட்டு விளக்கும் க்ளீவ்லேண்டின் சூடுபெட்டியும் அந்த வரிக்குள்தான் இருக்கின்றன. அதே பட்டியல் குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குள்ளும், சூடான சைவ உணவை 65-இலும், அசைவத்தை 70-இலும் வைக்கச் சொல்கிறது.

மண்டபத்தில் முதல் நாள் இரவே வெந்து அண்டாவோடு மூடிவைக்கும் கறிக்குழம்புக்கும் இதே கிருமி, இதே கணக்கு. 40 லிட்டர் அண்டா மூடியோடு அறையில் இருந்தால் நடுக் குழம்பு விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அதை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்புவதென்றால், ஒரு தட்டுக்கு 8 லிட்டர் என்றாலும் ஐந்து பெரிய தட்டுகள் வேண்டும். தட்டுகளும் ஐஸும் தெர்மாமீட்டரும் அரிசி பருப்போடு சாமான் பட்டியலிலேயே இடம்பெற வேண்டும்; மூன்றில் ஒன்று இல்லாத இரவில் குழம்பை வைக்காமல், காலையில் எழுந்து வைப்பதே சரி.